வெறுங்கையோடு திரும்பியவர்களா? செட்டிநாட்டை வைத்து வர்க்கம் பற்றி ஒரு பதில்

கேள்வி கேட்டவர் காரைக்குடிப் பக்கத்து இளைஞர், முதுகலை சமூகவியல் மாணவர். அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் கூலி வேலை பார்க்கிறார். தாத்தா தேவகோட்டைப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர், ஆதிதிராவிடர். அவருடைய மாமா அடிக்கடி சொல்வாராம்: "செட்டியாருங்க பர்மாவில எல்லாத்தையும் விட்டுட்டு வெறுங்கையோட வந்தாங்க. மறுபடி எழுந்து நின்னுட்டாங்க. நம்ம ஆளுங்க உழைக்கல, அதான் இப்படியே கிடக்கோம்." இதற்குச் சமூகவியல் என்ன பதில் வைத்திருக்கிறது, வர்க்கம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மாமாவுக்குச் சுருக்கமாகச் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் இழந்தது நிலத்தையும் கொடுத்த கடனையும். பணத்தை உண்டாக்கும் ஏற்பாடு அவர்களோடு கப்பலேறித் திரும்பி வந்துவிட்டது. உங்கள் தாத்தாவுக்கு அந்த மாதிரி ஏற்பாடு எதுவும் வாய்த்ததே இல்லை. வாய்த்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். நீளமான பதில் இந்த இரண்டையும் விரிப்பதுதான்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பையன் அந்தக் காலத்தில் எப்படி வளர்ந்தான் என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாடு மனப்பாடம். முக்கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களை வாயாலேயே பெருக்குவான். இவ்வளவு ரூபாய்க்கு இந்த வட்டி வீதத்தில் இத்தனை நாளைக்கு எவ்வளவு என்றால் தாளும் பேனாவும் தேடாமல் சொல்வான். அப்புறம் உறவுக்காரர் ஒருவருடைய வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்கார்ந்து வருகிறவன் முகத்தைப் பார்ப்பது, எவனுக்குக் கொடுத்தால் திரும்பும் என்று கடையை நடத்தும் மேலாள் எடைபோடுவதைக் கவனிப்பது, பேரேடு எழுதப் பழகுவது, இதுதான் படிப்பு. அடுத்த படி அடுத்தாள், மேலாளுக்கு அடுத்த நிலை உதவியாளர். அதற்கு மேலே மேலாள். இரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளம் பேசி அனுப்புவார்கள். கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது லாபத்தில் ஒரு பங்கு கையில் இருக்கும். அதை முதலாக வைத்து, மற்றச் செட்டியார்களிடம் குறைந்த வட்டிக்கு வாங்கிய பணத்தையும் சேர்த்து, கெட்டிக்காரன் சொந்தமாகக் கடை போட்டுவிடுவான்.

ஒரு சாதிக்குள்ளேயே பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு அலுவலகம், வங்கி மூன்றும் இருந்தன. கீழிருந்து மேலே போக ஏணி இருந்தது. பெட்டியடிப் பையன் முதலாளி ஆனதற்கு உதாரணங்கள் நிறைய உண்டு, உழைப்பும் உண்டு. ஆனால் அந்த ஏணியில் கால் வைக்க அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு, தபால் ஊழியர் ஒருவரின் மகன். பணம் மட்டுமே மூலதனம் என்று நினைக்காதே என்பது அவர் வாதம். உடம்பில் ஊறிய திறமையும் பேச்சும் பழக்கமும் பண்பாட்டு மூலதனம். நம்பிக் கடன் கொடுக்க ஆள் இருப்பது சமூக மூலதனம். பெயரைச் சொன்னால் கிடைக்கிற மரியாதை இன்னொன்று. ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி. எண்சுவடி முதல் வகை. கோயிலில் கூடி வட்டி வீதம் வைத்துக்கொண்டு, பெரிய பத்திரம் ஏதும் இல்லாமல் ஒருவருக்கொருவர் பணம் புரட்டிக்கொண்டது இரண்டாம் வகை. ஏமாற்றினால் கடை மட்டும் போகாது. கோயிலில் இடம் போகும், பெண் கொடுக்க ஆள் வராது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் நியூயார்க் வைர வியாபாரிகளைப் பற்றி இதையேதான் எழுதினார். விலையுயர்ந்த கற்களைப் பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று ரசீது இல்லாமல் கொடுத்தனுப்ப முடிவதற்குக் காரணம், அவர்கள் உறவாலும் வழிபாட்டாலும் இறுக்கமாகப் பின்னப்பட்டிருந்தது.

1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கிட்டங்கிகள், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைக் கட்டடங்கள், போயின. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. எண்சுவடியும் உறவும் பெயரும் எந்தச் சட்டத்திலும் அகப்படவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. அந்த நிலம் எப்படி வந்தது? 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். 1938 வாக்கில் அது 25 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, அடமானம் வைத்த பர்மிய விவசாயி கடனைக் கட்ட முடியாமல் போனதால் வந்த நிலம் அது. செட்டியார்களே பலர் அதை விரும்பவில்லை, அவர்களுக்கு வேண்டியது காசுதான். ஆனாலும் அங்கே சொந்த நிலத்துக்காரன் குத்தகைக்காரனாக இறங்கினான். ஒரு குடும்பம் ஏறிய கதையைச் சொல்லும்போது அதே கணக்கில் இறங்கிய குடும்பத்தையும் எழுதத்தான் வேண்டும். மார்க்ஸ் வர்க்கத்தை ஆட்களின் குணமாகப் பார்க்காமல் இரு தரப்புக்கு நடுவில் இருக்கும் உறவாகப் பார்த்ததன் பயன் இதுதான்.

சரி, திரும்பியவர்கள் எல்லாரும் எழுந்தார்களா? மாமாவின் கணக்கு இங்கேயும் தப்பு. சென்னையிலும் ஊரிலும் முன்பே ஆலை, வங்கி, நூற்பு என்று பணத்தைப் பிரித்துப் போட்டவர்கள் தப்பித்தார்கள். 1907இல் இந்தியன் வங்கி, 1937இல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்று ஊர்களில் கிளை திறந்து தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டிலும் நகரத்தார் பங்கு பெரியது. ஒற்றைக் கடையை நம்பி பர்மாவில் இருந்தவர்களும், அடுத்தாளாகவே காலம் தள்ளியவர்களும் விழுந்தார்கள். ஊரில் அவர்களை "வாழ்ந்து கெட்ட குடும்பம்" என்பார்கள்.

அந்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முகப்பில் பர்மா தேக்குத் தூண், வளவு எனும் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பங்காளி குடும்பம் உரிமை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. ஓடு உடைந்து ஒழுகினால் மாற்ற எல்லாப் பங்காளியும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் சாவியோடு எங்கே என்றே தெரியாது. கடைசியில் தூண் கழற்றப்பட்டு லாரி ஏறுகிறது. அதற்கு முன்பே ஆச்சிகள் கல்யாணத்தில் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள், எனாமல் தூக்குகள், கண்ணாடிப் படங்கள் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருக்கும். அப்படி விற்ற வீட்டில் கூட, அடுத்த மாதம் கோயில் விசேஷத்தில் குடும்பக் கணக்கில் வாங்கும் புள்ளி வரியைக் கட்டிப் பெயர் சொல்லி மரியாதை வாங்குவார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வர்க்கத்தையும் அந்தஸ்தையும் தனித்தனியாக வைத்தது ஏன் என்று புரிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கையில் காசில்லை, அந்தஸ்து அப்படியே இருக்கிறது. அந்த அந்தஸ்தை வைத்துப் பையனுக்கு மதுரையிலோ கோயம்புத்தூரிலோ உறவுக்காரர் ஆலையில் ஒரு கணக்கர் வேலையாவது கேட்க முடியும். விழுந்தாலும் தரையைத் தொடுவதற்குள் பிடிக்க ஒரு கை இருந்தது.

இனி உங்கள் தாத்தா பக்கம்.

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், செட்டிநாடும் சேர்ந்த அதே மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மண் குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளை கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கோ) குத்தகைக்கோ எடுத்து உழக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை, கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போயிற்று.

இந்தப் பட்டியலை வகுப்பில் படிக்கச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் செருப்பிலும் சட்டையிலும் நின்றுவிடுகிறார்கள். அவமானம் கண்ணில் படுவதால் அப்படி. இன்னொரு முறை பொருளாதாரக் கண்ணோடு படியுங்கள். ஏழை வீட்டில் நகைதான் சேமிப்பு, அவசரத்துக்கு அடகு வைக்க இருக்கும் ஒரே பொருள். வாரமும் குத்தகையும் கூலிக்காரன் விவசாயியாக மாறும் முதல் படி. நிலம் அடுத்த படி. எழுத்து, ஊரை விட்டே வெளியேறும் வழி. ஒரு குடும்பம் ஒரு தலைமுறையில் ஒரு படியாவது ஏற என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் தேடிப் பிடித்து அடைத்திருக்கிறார்கள். வெபர் இதைச் சமூக அடைப்பு என்ற பொருளில் எழுதினார்: ஒரு கூட்டம் வாய்ப்புகளைத் தனக்குள் வைத்துக்கொள்ள மற்றவருக்கு வாசலைச் சாத்துவது. வட்டிக்கடை ஏணி சாதிக்குள்ளேயே நின்றதும் அடைப்புதான், ஆனால் அங்கே யார் குடிசையும் எரியவில்லை. இங்கே நெருப்பு வைத்து அடைத்தார்கள்.

அப்படியானால் உங்கள் தாத்தா உழைக்கவில்லையா? பதினோரு மணி நேரம் உழைத்தார். அந்த உழைப்பு வேறு எதுவாகவும் மாற அனுமதி இல்லை. மாமாவிடம் இதைக் கோபப்படாமல் சொல்லுங்கள். "நம்ம ஆளுங்க உழைக்கல" என்று அவர் சொல்வது அவருடைய அப்பாவைப் பற்றி. அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்டு சென்னட்டும் ஜொனாதன் காப்பும் 1972இல் பாஸ்டன் தொழிலாளர்களிடம் பேசி எழுதியது இதைத்தான்: மேலே போகாததற்குத் தாங்களே காரணம் என்று நம்பி, அந்த வலியை உள்ளே சுமக்கிறவர்கள். மாமா அதைத்தான் சுமக்கிறார்.

பிறகு வாசல் திறந்தது. தானாகத் திறக்கவில்லை. விடுதலை, இட ஒதுக்கீடு, அதைக் காக்க 1951இல் நடந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம், 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரித்தது. இவை எல்லாம் தமிழ்நாடு முழுமைக்கும். நம் ஊருக்கென்று ஒன்று தனியாக நடந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ஆய்வகம் திறந்தது. வட்டிப் பணம், ரப்பர் பணம், ஆலைப் பணம் ஒரு சாதிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கல்லூரியாக மாறியபோது யார் வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய வடிவத்துக்கு வந்தது. சாதிக்குள் இருந்த ஏணியைத் தெருவுக்குக் கொண்டுவந்து சாத்தியது என்றே இதை நான் பார்க்கிறேன். அழகப்பரைக் கொடை வள்ளல் என்று புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்தப் பெரிய விஷயத்தைக் கவனிப்பதில்லை. சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் கல்லூரி இருப்பது விடுதிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உங்கள் அக்கா தங்கைகளைக் கேட்டால் தெரியும்.

ஏறியிருக்கிறோம், சந்தேகமே இல்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. ஆனால் இங்கே பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் கோல்டுதார்ப் செய்த ஒரு பிரிப்பு வேண்டும். பிரிட்டனில் போருக்குப் பிந்தைய தலைமுறையை ஆராய்ந்தபோது, தொழிலாளி பிள்ளைகள் ஏராளமாக நடுத்தர வேலைகளுக்குப் போயிருந்தார்கள். அலுவலக வேலைகளே பெருகியதால் மேலே இடம் கூடியிருந்தது. ஆனால் தொழிலாளி பிள்ளைக்கும் அதிகாரி பிள்ளைக்கும் நடுவில் இருந்த வாய்ப்பு விகிதம் பெரிதாக மாறவே இல்லை. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று வரிசை முழுவதும் நகர்கிறது, பின்னால் நிற்கிறவர் அரை மணியில் எவ்வளவோ தூரம் வந்துவிட்டார், முன்னால் நின்றவர் இன்னும் முன்னால்தான். முதல் கணக்கைப் பார்த்தால் சந்தோஷம் வரும், இரண்டாவதைப் பார்த்தால் கோபம் வரும். இரண்டும் சேர்ந்துதான் உண்மை. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2018இல் போட்ட மதிப்பீட்டின்படி, வருமானத்தில் கடைசிப் பத்து விழுக்காட்டில் இருக்கும் குடும்பம் நாட்டின் சராசரியைத் தொட டென்மார்க்கில் 2 தலைமுறை ஆகும், இந்தியாவில் 7.

எல்லாரும் பட்டம் வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கச் சமூகவியலாளர் சாமுவேல் லூகாஸ் 2001இல் எழுதிவிட்டார். வித்தியாசம் பட்டம் உண்டா இல்லையா என்பதிலிருந்து எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதற்கு இடம் மாறும். நம் வட்டாரத்தில் பார்க்கிறோமே, ஊருக்கு நாலு பொறியாளர். அதில் நிறுவனங்களே வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கிற கல்லூரியில் படித்தவர் ஒருவர், மற்றவர்கள் கல்விக் கடனோடு வேலை தேடுகிறார்கள். வேலைக்கு மனுப் போடும் இடத்திலும் பெயர் பேசுகிறது. ஆய்வாளர்கள் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியோடு உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு குறைவாகவே வந்தது.

கல்விக் கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் மாணவர் ஒருவரோடு ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். எல்லாத் தாளும் சரியாக இருந்தது. "அடுத்த வாரம் வா" என்றார்கள், பையன் "சரி சார்" என்று திரும்பினான். பக்கத்தில் இன்னொரு பையனின் அப்பா, ஆசிரியர் போலிருக்கிறது, "எந்த விதிப்படி அடுத்த வாரம்? எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். அவர்களுக்கு அன்றே வேலை முடிந்தது. நடுத்தர வீடுகளில் பிள்ளைகளுக்கு அதிகாரத்தோடு பேசப் பழக்கிவிடுகிறார்கள், உழைக்கும் வீடுகளில் அடங்கிப் போகப் பழக்கிவிடுகிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லாரோ 2003இல் எழுதியது இதுதான். அடக்கம் நல்ல குணம்தான், கவுன்டரில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் அப்பாவின் பட்டறைக்கு வருகிறேன், வர்க்கம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குகிறார். மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, அதன் மேல் கலவை போட்டு மட்டம் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு, வெயிலில் காயவிடுகிறார். சூளை இல்லை, எந்திரம் இல்லை, அந்தக் கைதான் மொத்தத் தொழிலும். அந்தக் கல் நட்சத்திர விடுதிகளின் தரைக்குப் போகிறது. விலை ஏறும்போது யாருக்கு ஏறுகிறது? இடமும் அச்சும் கண்ணாடியும் யாருடையவை, விடுதிக்காரர் எந்த எண்ணுக்கு அழைக்கிறார், முன்பணம் யார் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். அப்பாவைவிடக் கைத்திறன் குறைந்தவர் முதலாளியாக இருக்கலாம். வர்க்கம் என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். அது ஆட்களின் சுறுசுறுப்பைப் பற்றிய பேச்சே கிடையாது.

ஆய்வேடு எழுதப் போகிறீர்கள் என்பதால் ஒரு யோசனை. சமூகவியலாளர்கள் பிளாவும் டங்கனும் 1967இல் அமெரிக்காவில் செய்த புகழ்பெற்ற ஆய்வு ஆண்களை மட்டுமே எண்ணியது. அப்பா வேலை, மகன் வேலை, அவ்வளவுதான். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஆத்தங்குடியிலும் பள்ளத்தூரிலும் புதுவயல் அரிசி ஆலைகளிலும் வேலை பார்க்கிற குடும்பங்களில் மூன்று தலைமுறையைக் கேளுங்கள், அம்மாக்களையும் பாட்டிகளையும் சேர்த்து. பல வீடுகளில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அம்மாவின் முறுக்கு வேலையிலும் மகளிர் குழுக் கடனிலும்தான் நின்றிருக்கும். "என்ன வேலை" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அந்த வேலை இருக்கிறது என்று முதலில் சொன்னவர் யார், முதல் மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, நோயோ கல்யாணமோ வந்தபோது எதை விற்றீர்கள், விற்க எதுவும் இல்லையென்றால் யாரிடம் போனீர்கள் என்று கேளுங்கள். அதே கேள்விகளை வாழ்ந்து கெட்ட ஒரு செட்டியார் வீட்டிலும் கேளுங்கள், உட்கார வைத்துப் பேசுவார்கள். மாமாவையும் ஒரு நாள் உட்கார வைத்து, அவருடைய அப்பாவுக்குக் கூலி எத்தனை அணா, குத்தகைக்கு நிலம் கேட்டாரா, கேட்டபோது என்ன நடந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.